வாசல்ல சொருகின வேப்பிலை

எங்க தெருவுல வேப்பிலைக்கு இருக்கிற மரியாதை போலீசுக்குக் கூட இல்ல மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. வாசல்ல ஒரு கொத்து சொருகிட்டா, அம்மா வந்திருக்குன்னு ஒருத்தரும் படி ஏற மாட்டாங்க.

எங்க வூட்டுக்காரர் மகேந்திரன் தோல் பதனிடுற டேனரிக்கு லோடு வண்டி ஓட்டுறவர். குடிச்சுக் குடிச்சு கணையம் வெந்து, ஆஸ்பத்திரியில கெடந்து வந்தார். அனுப்பும்போது டாக்டரம்மா என்கிட்டதான் சொன்னாங்க: "உள்ள ஒரு பக்கம் செத்துக் கெடக்கும்மா. காய்ச்சல் அடிச்சா அதுல கிருமி சேந்து சீழ் பிடிக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கே இட்டுனு வா." மறுநாளே அவரோட தோஸ்துங்க பாட்டிலோட வந்து நின்னாங்க. வேற எப்படித் தொரத்துறது? அம்மை போட்டிருக்குன்னு பொய் சொல்லி வேப்பிலை சொருகினேன். அதுவரைக்கும் நான் செஞ்சது நல்லதுதான்.

வூடு அமைதியாச்சு. என்னை அடிச்ச கை கஞ்சிக்கு நீண்டுச்சு. "தேவிகா, சித்த உக்காரு"ன்னு கூப்பிடுவார். கல்யாணம் ஆனதுலருந்து அந்தக் கொரலை நான் கேட்டதில்ல. சொல்லவே வெக்கமா இருக்கு, ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுட்டு பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன்.

அப்புறம் நெஜமாவே காய்ச்சல் வந்துச்சு. ஒடம்பு அனலாக் கொதிக்குது, வயிறு கல்லாட்டம். "குளிருது, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ"ன்னார். அம்மா எறங்கட்டும்னேன்.

"எனக்கு இன்னா அம்மா? ஒடம்புல ஒரு முத்து இல்லியே"ன்னு என்னையே பார்த்தார். நான் வேப்பங்கொத்தால விசிறினேன்.

பக்கத்து வூட்டு குர்ஷித் அக்கா உங்ககிட்ட சொன்னது நெஜம்தான். வாசல்லயே நின்னு, "மொனகல் ஜாஸ்தியா கேக்குதே, ஆட்டோ கூப்பிடவா?"ன்னாங்க. கூப்பிடுங்கன்னா போதும். ஆனா போனா வேப்பிலை பொய்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். அதவிட, அவர் நல்லாயிடுவார். "அம்மா இருக்கிற வூட்டுலருந்து வெளிய இட்டுனு போகக் கூடாதுக்கா"ன்னேன். பாவம், மரியாதைக்கு ஒதுங்கிப் போய்ட்டாங்க.

பேச்சு கொழறி அடங்கின பிறகுதான் வேப்பிலையப் புடுங்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். உள்ள பூரா சீழ்னாங்க, ரத்தத்துலயும் கலந்துடுச்சாம். ராத்திரி தாண்டல. "காய்ச்சல் அடிச்சது தெரியலியாம்மா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. தெரியலன்னேன். அவங்க என் தோளைத் தொட்டுட்டுப் போனாங்க மேடம். இந்த மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?

எழுதிக்குங்க. அவர் சாவணும்னு நான் நெனைக்கல. எழுந்திரிக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன்.