ஏரியலுக்கு ஒரு தேங்காய்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கும் வரிசை. எனக்கு முன்னால் வயதான ஒரு தம்பதி. அவர் கக்கத்தில் காகிதம் சுற்றிய கார் ரேடியோ ஏரியல்.

"இதுக்குப் போயா தேங்காய்?" என்றாள் அம்மாள்.

"பின்னே? நம்ம ஸ்போர்ட்ஸ் கார் அறுபத்தெட்டு மாடல். ஏரியலும் அதே வருஷத்துது. மூணு வருஷமாத் தேடி, கிடைச்சா உடைக்கறேன்னு நேர்ந்துண்டதாக்கும்."

"எஞ்சினுக்கும் நேர்ந்துண்டிருக்கப்படாதோ? வண்டி நகர்ந்தே எத்தனை நாளாச்சு. பொன்முடி மலைக்கு அழைச்சுண்டு போறேன்னேளே."

"இனிமே ரேடியோ பாடுமே. ஷெட்லயே உக்காந்து கேக்கலாம்."

அம்மாள் காகிதத்தை விலக்கி ஏரியலைப் பார்த்தாள்.

"அப்போ ஃப்ளாஸ்க்ல காப்பி எடுத்துக்கறேன். ஸ்வெட்டர் வேணுமோ?"

"எடுத்துக்கோ. மேல போகப்போகக் குளிரும்."