பின்சட்டத்தில் பதினொரு ஆணி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முன்கால் ஆடுகிறது, சார். ஒரு அட்டைத் துண்டை நான்காக மடித்து அடியில் செருகினால் போதும். அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். இங்கே வந்து சேர்ந்ததற்கும் அதுதான் காரணம்.

எங்களுடையது பழைய மெத்தை நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் கடை. எங்களுடையது என்றால் எனக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரருக்கும். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருஷக் கூட்டு. நான் நாற்காலியைச் சுற்றி வந்து மரம், வயது, மதிப்பு எல்லாம் சொல்வேன். அவர் அதைப் பிரித்து, ஸ்பிரிங் கட்டி, துணி போர்த்தி முடிப்பார். அதாவது, நான் பேசுவேன், அவர் வேலை செய்வார்.

அவர் பேசாததற்கு ஒரு வசதியான காரணம் இருந்தது. சின்ன ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்காலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தச் சுத்தியலின் முனையால் அதைத் தொட்டு எடுத்து அப்படியே அடித்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். துரு, அழுக்கு என்று நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ம்ம்" என்பார். வாயில் ஆணி இருக்கும்போது அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? எங்கள் கடையின் நிம்மதி அந்த ஆணிகளால் வந்தது.

நாலு மாதத்துக்கு முன்பு பல் டாக்டர் அம்மா ஒருவர் தன் அப்பாவின் நாற்காலியைப் பார்க்கக் கூப்பிட்டார். அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தார். கூடத்தில் டாக்டர், அவருடைய இரண்டு தம்பிகள், அருங்காட்சியக அதிகாரி எல்லாரும் நின்றார்கள். நான் நாற்காலியை மூன்று சுற்று சுற்றினேன். கைப்பிடியைத் தடவினேன், மெத்தையை அமுக்கிக் காதை வைத்துக் கேட்டேன். காதை வைப்பதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது, சார். பார்ப்பவர்களுக்கு மரியாதை வரும், அவ்வளவுதான். மெத்தையின் ஓரத்தில் ஊசியை விட்டு இழுத்தேன், அந்தக் காலத்து மெத்தைகளில் அடைக்கிற குதிரைமுடி வந்தது. "நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது" என்றேன்.

எங்கள் தொழிலில் முதல் பாடம், நாற்காலியைக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்ப்பது. நான் பார்க்கவில்லை. அதற்குக் குனிய வேண்டும். அன்று போட்டிருந்த பேன்ட்டின் பின்தையல் நம்பும்படியாக இல்லை. ஊராரின் நாற்காலிகளுக்கெல்லாம் தையல் போடும் கடைக்காரனின் பேன்ட் கதை இது. சிரிப்பதாக இருந்தால் சிரிக்கலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

சான்றுக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைப்போம், வயதைக் கணித்தவர் என்று உங்கள் பெயரும் இருக்கும் என்றார் அதிகாரி. என் பெயர் அதுவரை அச்சில் வந்தது என் கல்யாணப் பத்திரிகையில்தான். அந்த அட்டையை நினைத்துக்கொண்டே ஒரு மாதம் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு நாற்காலி பழுதுபார்க்கக் கடைக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அதைப் பிரித்தார்.

"மச்சான், கொஞ்சம் வாங்க."

குதிரைமுடி மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் இருந்தது. அடியில் ஃபோம். சட்டம் முழுக்க இந்தக் காலத்து ஸ்டேப்ளர் துப்பாக்கியில் அடிக்கிற பின்கள். பின்னைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் பழைய ஆணித் துளை ஒன்றுகூட இல்லை. நூறு வருஷம் போன சட்டம் சல்லடை மாதிரி இருக்கும். இது ஆணியையே பார்க்காத மரம்.

"முப்பது வருஷம் தாண்டாது மச்சான்."

"சட்டத்த யாராவது மாத்தியிருப்பாங்க மாப்ள."

"நாலு பக்கமுமா?"

நான் சட்டத்தின் மேல் துணியை இழுத்து மூடினேன். அவர் சுத்தியலை மேசைமேல் வைத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரம்மாவும் அந்த அதிகாரியும் வர்றாங்கல்ல? நீங்க கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். ஒரு தடவை வாடிக்கையாளர் எதிரிலேயே "மச்சான் தப்பாச் சொல்றாரு, இது தேக்கு இல்லீங்க" என்று சொன்னவர். அதனால் அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்: வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்கிறீர்கள். தங்கச்சி வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சுவதா, சார்? குடும்பத்தில் மூத்தவன் நான், எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

அவர் கை கழுவப் போனார். மர இடுக்கில் புழுவுக்குப் பூசும் மருந்து அலமாரியில் இருந்தது. ஆணிகள் இருந்த கைப்பிடி உடைந்த கப் மேசைமேல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மருந்தின் பெயர்கூட இருக்கிறது. காலையில் ஒரு சோபாவுக்கு முதுகுத் துணி அடிக்க வேண்டியிருந்தது. அவர் அதில்தான் ஆரம்பிப்பார், பத்து மணிக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அவ்வளவு போதும் என்று நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டாம். புட்டியின் மேல் மண்டையோட்டுப் படம் இருக்கிறது. எனக்கு எழுத்தும் தெரியும், படமும் புரியும்.

மறுநாள் எட்டரைக்குக் கடைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சோபா தொடப்படாமல் கிடந்தது. மாப்பிள்ளை டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருக்களித்து விழுந்திருந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். பிடுங்கிய பின்கள், ஒன்று விடாமல். ஃபோமையும் எடுத்துவிட்டு முழுக்கக் குதிரைமுடி அடைத்திருந்தார். பழைய சாமான்களிலிருந்து கழற்றிச் சேர்த்துவைத்திருந்த ஆணிகளைக் கப்பில் கலந்து, சட்டத்தின் மூன்று பக்கமும் வரிசையாக அடித்திருந்தார். பின்சட்டத்தில் பாதி பாக்கி.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மணியைப் பார்த்தேன். பத்துக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். கையுறை போட்டுக்கொண்டு மீதமிருந்த பதினொரு ஆணியையும் அடித்தேன். எனக்கு அவரைப் போல வராது, விரலால் பிடித்துத்தான் அடிக்கத் தெரியும். இருபது நிமிஷம் ஆனது. அடியில் கறுப்புத் துணியைப் போர்த்தினேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

ஆமாம் சார், அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. கண்ணும் திறந்திருந்தது. ஏழாவது ஆணி கோணலாகப் போனபோது முகத்தைச் சுளித்த மாதிரி இருந்தது. பிடுங்கிச் சரியாக அடித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள். "விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாருண்ணே. 'மச்சான் பேரு அச்சுல வரப்போவுது, அது கெடக் கூடாது. அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்'னாரு. காப்பிகூடக் குடிக்கலண்ணே." நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஒரு வார்த்தை, "என்ன செய்யப்போறீங்க மாப்ள" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓயாமல் பேசுகிறவனுக்கு அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை.

அவ்வளவுதான். நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் தொடர்பில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்றே ஒன்று, சார். கீழே இடம் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தை யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள், நாலு பக்கமும்தான். நாற்காலி நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது.