கையில் வரும் விலை

தகர பொம்மைகளை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பலர் அந்தத் தவறைச் செய்கிறார்கள். சாயம் மங்கினால் விலை பாதியாகிவிடும். அந்த வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகச் சேர்த்த எழுபத்து மூன்று பொம்மைகளையும் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தூசி தட்டி வைத்திருந்தார். முதல் நாளே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏல நிறுவனத்தில் என் வேலை பட்டியல் போடுவது. வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, அதன் நிலைமையை எழுதி, பெட்டியில் அடுக்கி சீல் வைப்பேன். சீல் வைத்த பெட்டியை உரிமையாளர் ஒரு கையெழுத்தும் நாங்கள் ஒரு கையெழுத்தும் போட்ட பிறகுதான் திறக்கலாம். விதி அப்படி.

அது இரண்டு அறை வாடகை வீடு. முன்னறை ஜன்னலோரம் அவருடைய மகள் தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டை விற்கப் போவதாகவும், மூன்று மாதத்துக்குள் பணம் கொடுத்தால் அவர்களுக்கே தருவதாகவும் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நான் மதிப்புப் போட்டுப் பார்த்தேன். பொம்மைகள் எல்லாம் சேர்ந்தால் அந்த வீட்டின் விலை வந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

"ஏலத்துல சுத்தியல் தட்டுற விலை அப்படியே எனக்கு வந்துடும்ல?" என்று பெரியவர் கேட்டார்.

"வராது சார்."

இதை நான் எல்லோருக்கும் பொறுமையாகவே சொல்வேன். ஒருவர் ஒரு பொம்மைக்கு நூறு செலவழிக்கத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் எங்களுக்குத் தனியாகத் தர வேண்டிய இருபதை மனதில் கழித்துவிட்டு, எண்பது வரைதான் கை தூக்குவார். அந்த எண்பதிலிருந்து விற்பவரின் கட்டணம், புகைப்படச் செலவு, காப்பீடு எல்லாம் போனால் அறுபத்தைந்து மிஞ்சும். நூறு கொடுத்தேன் என்று வாங்கியவர் சொல்வார், எண்பதுக்குப் போனது என்று பத்திரிகை எழுதும். விற்றவர் கைக்கு வருவது அறுபத்தைந்து.

"அதாவது ரெண்டு பக்கமும் கடிக்கிறீங்க" என்றார்.

"அப்பா, அவங்க சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க. அவங்களப் போய்..."

"அவங்களச் சொல்லலம்மா. அவங்க சுத்தியலச் சொல்றேன்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத் தாளைப் படித்தார். இறந்தவரின் சேகரிப்பை வாரிசு விற்றால் விற்பவரிடம் எந்தப் பிடித்தமும் கிடையாது என்று அதில் ஒரு வரி உண்டு. பெரிய வீட்டுச் சேகரிப்புகள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்க வைத்த சலுகை. அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"செத்தவனுக்குத்தான் தள்ளுபடியா? நல்ல கம்பெனிம்மா! அப்போ நான் போய்ச் சேர்ந்துட்டா இவளுக்கு முழுசாக் கிடைக்கும்."

மகள் அளவு நாடாவால் அவர் தோளில் ஒன்று போட்டாள். "வாயக் கழுவுங்கப்பா."

மூவரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது சரியாக இருந்தது. அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்கிறீர்கள். மனதில் இருப்பதை மனிதர்கள் வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். நான் அதை அவருடைய விருப்பமாக எடுத்துக்கொண்டேன்.

அவர் உயிரோடு இருக்கும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சலுகை கிடைக்காது. அதனால், "பட்டியல் முடியட்டும் சார், அப்புறம் போடலாம்" என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைகளை, கூரை திறக்கும் ஒரு சிவப்புத் தகர பஸ்ஸுக்குள் வைத்திருந்தார். நான் இருந்தபோதே இரண்டு முறை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த பஸ்ஸும் சேகரிப்பில் ஒன்றுதான். எழுபத்து மூன்றாம் எண் கொடுத்தேன். 'கூரை நன்றாகத் திறந்து மூடுகிறது' என்று எழுதினேன். பட்டியலில் நான் ஒருபோதும் பொய் எழுதியதில்லை.

கடைசி நாள் பிற்பகல், மகள் வீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். பஸ்ஸைப் பெட்டியில் வைத்து சீல் வைத்தேன். அதன் பிறகு, காலி மரப்பெட்டிகளையும் கொண்டுபோக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவை பரணில் இருந்தன. ஸ்டூல் போட்டு ஏறி ஆறு பெட்டிகளையும் அவரே இறக்கினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறாவதை இறக்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த பஸ்ஸை எடும்மா" என்றார்.

"சீல் வெச்சாச்சு சார்."

பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். திறப்பதற்கு அவர் கையெழுத்து வேண்டும். அதைப் போடும் நிலையில் அவர் இல்லை. மூச்சு அடங்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அவர் தனியாகக் கிடக்கவில்லை, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஏலம் நன்றாக நடந்தது. ஒரு பைசா பிடித்தமில்லாமல் மகளுக்குப் பணம் போயிற்று, வீடும் அவள் பெயருக்கு வந்தது. பஸ்ஸை வாங்கியவர் கூரையைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே மாத்திரைகள் இருக்கின்றன, யாராவது தேடிக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். நல்ல மனிதர். அலுவலகம் அனுப்பிவைத்த அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மகள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, மாத்திரை அதுக்குள்ள இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கப்பா கேட்டாரா?"

"கேட்டார்."

அவளுக்கு எவ்வளவு மிச்சமாயிற்று என்பதையும் சொன்னேன். அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டதாக இப்போது சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தம். அந்த ஜன்னலுக்காகத்தானே இவ்வளவும்.

இன்னொன்றும் கேட்டீர்கள். குறைக்கச் சொல்லி யார் வந்து கேட்டாலும் கட்டணத்தைக் குறைப்பேன், இதற்கு முழுவதையும் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எங்கள் மேலாளர் சொன்னாராம். உண்மைதான். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், கேட்டவர் யாருக்கும் அவர் இல்லை என்றதில்லை. அவர் அறை என் மேசையிலிருந்து நாலு எட்டுதான். ஆனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் போய் அடுத்தவரைத் தொந்தரவு செய்து எனக்குப் பழக்கமில்லை.