நாய்க்கு யாரு சோறு போடறது?

ஆசீர்வாதம்: முடியாதுன்னா முடியாது ரோசி. எத்தினி வாட்டி சொல்றது?

ரோசம்மாள்: வாட்டி கணக்கெல்லாம் சரியாத்தான் கீது நைனா. காரணத்தத்தான் ஒரு வாட்டி கூட சொல்லல.

ஆசீர்வாதம்: காரணமா? காலைல அஞ்சே முக்காலுக்கு நீ பாசஞ்சரு ரயிலு புடிக்க ஓடற. ஏழு மணிக்கு நான் எஸ்டேட்டுல இரும்பு உருக்கற பவுண்டரிக்கு சைக்கிள் மிதிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் ஊட்ல இருக்கறது பூட்டு ஒண்ணு தான். நாய்க்கு யாரு சோறு போடறது? பூட்டா?

ரோசம்மாள்: காலைல வச்சிட்டுப் போனா போதும். அது இன்னா, நம்மள மாதிரி நாஷ்டா, சாப்பாடு, டீன்னு கேக்கப் போவுதா?

ஆசீர்வாதம்: அதுக்கும் ஒரு டிபன் கேரியர் வாங்கிடு. மேல தட்டுல சோறு, கீழ தட்டுல எலும்பு. தானே தொறந்து துன்னுட்டு, கழுவி கவுத்து வச்சிடும்.

ரோசம்மாள்: கிண்டலு பண்ணாத. செண்பகம் ஊட்டு நாயி அஞ்சு குட்டி போட்டுகீது...

ஆசீர்வாதம்: எந்த செண்பகம்?

ரோசம்மாள்: எங்கூட பல்பு கம்பெனில வேல செய்யுதே, மீஞ்சூர்ல ஏறுமே, அது. அஞ்சுல நாலு போயிடிச்சி. ஒண்ணே ஒண்ணு பாக்கி. கருப்பு. நெத்தில மட்டும் வெள்ளையா ஒரு பொட்டு.

ஆசீர்வாதம்: நாலு ஊட்டுக்காரன் பாத்து வேணாம்னு கழிச்சி வச்சத நம்ம தலைல கட்டுது. நல்ல சிநேகிதம்.

ரோசம்மாள்: கழிச்சதெல்லாம் இல்ல. எனக்காவத்தான் எடுத்து வச்சிருக்குது.

ஆசீர்வாதம்: ஓ... ரிசர்வேஷனே ஆயிடிச்சி. அப்புறம் என்கிட்ட இன்னாத்துக்கு கேக்கற?... அந்த சைக்கிள் டியூப இப்டி தள்ளு. பஞ்சரு எங்கன்னே தெரியல.

ரோசம்மாள்: தண்ணில முக்கு, தெரியும். நாயி இருந்தா ஊட்டுக்கு காவலு நைனா.

ஆசீர்வாதம்: எதுக்கு காவலு? நாலு சட்டி, ஒரு டிரான்சிஸ்டரு. அதுலயும் பேட்டரி செத்து மூணு மாசம் ஆவுது. திருடன் வந்தா அவனே பாவம் பாத்து புது பேட்டரி போட்டுட்டுப் போவான்.

ரோசம்மாள்: சரி, காவலு வேணாம். தொணைக்கு.

ஆசீர்வாதம்: யாருக்குத் தொண?

ரோசம்மாள்: ...ஊட்டுக்கு.

ஆசீர்வாதம்: ஊட்டுக்கா? செவுரு வந்து ஒன்கிட்ட அழுதுதா, தனியா இருக்க பயமா கீதுன்னு?

ரோசம்மாள்: ஒன்கிட்ட பேசறதே பேஜாரு. கேளு. நான் எல்லாம் யோசிச்சி வச்சிட்டேன். காலைல நீ கெளம்பறப்ப கொஞ்சம் கஞ்சி ஊத்தி வச்சிடு. மத்தியானம் பக்கத்து ஊட்டு ஞானம்மா அத்த ஒரு வாட்டி எட்டிப் பாக்கும், சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து அவுத்து உட்டு, ரயில்வே கேட்டு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கினு போ. ஒனக்கும் கால் வலிக்கு நல்லது. ராத்திரிக்கு மீன் தல.

ஆசீர்வாதம்: நிறுத்து, நிறுத்து. காலைல யாரு?

ரோசம்மாள்: நீ.

ஆசீர்வாதம்: மத்தியானம் ஞானம்மா. சாயங்காலம்?

ரோசம்மாள்: நீ தான்.

ஆசீர்வாதம்: ராத்திரி மீன் தல?

ரோசம்மாள்: ...நீ.

ஆசீர்வாதம்: ஞாயித்துக்கெழம குளிப்பாட்டறது?

ரோசம்மாள்: ஞாயித்துக்கெழம ஒனக்கு லீவு தானே...

ஆசீர்வாதம்: நாயி வேணும்னு கேட்டது யாரு?

ரோசம்மாள்: நானு.

ஆசீர்வாதம்: இந்த ஷிப்டு சார்ட்டுல ஒன் பேரு எங்க?

ரோசம்மாள்: நான்... நான் சூப்பர்வைசரு.

ஆசீர்வாதம்: அப்ப சரி. எங்க பவுண்டரி சூப்பர்வைசரும் இதே கத தான். சார்ட்டு பெரிசா எழுதி ஒட்டுவான். வேல நடக்கற எடத்துல மட்டும் ஆளு இருக்க மாட்டான்... இன்னா, மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கின?

ரோசம்மாள்: ஒண்ணும் இல்ல. காய் அரியறேன். கண்ணு எரியுது.

ஆசீர்வாதம்: அது முருங்கக்கா ரோசி. முருங்கக்கா அரிஞ்சி கண்ணத் தொடைக்கிற மொத ஆளு நீ தான்.

ரோசம்மாள்: ஒனக்கு எல்லாம் கிண்டலு தான். வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு?

ஆசீர்வாதம்: கிண்டலு இல்லாம ஒரு காரணம் சொல்லட்டா?

ரோசம்மாள்: சொல்லு. அதயும் தான் பாப்பம்.

ஆசீர்வாதம்: உங்கம்மா போனப்ப நீ எட்டாவது. நான் அப்பத்தான் வயல் வேலைய உட்டுட்டு பவுண்டரில சேந்தேன். பள்ளிக்கூடம் உட்டு வந்து இந்தப் படில குந்துவ. பைய மடில வச்சிக்கினு, தெரு முனையவே பாத்துக்கினு. ஓவர்டைம் முடிச்சி நான் திரும்பறப்ப ஏழு ஆயிடும், எட்டு ஆயிடும். அப்பவும் அதே படி... அதே பை.

ரோசம்மாள்: அதெல்லாம் எதுக்கு இப்ப?

ஆசீர்வாதம்: ஒரு வாட்டி ஒரு ஜீவன பூட்டின கதவுக்கு முன்னாடி குந்த வச்சிட்டேன். வேற வழி இல்ல, வச்சேன். இன்னொரு வாட்டி என்னால முடியாது. அது நாயா இருந்தாலும் சரி.

ரோசம்மாள்: ...நான் ஒனக்காவ குந்திக்கினு இருந்தேன்னு யாரு சொன்னா? வரும்போது முறுக்கு வாங்கிக்கினு வருவியே. அதுக்குத்தான்.

ஆசீர்வாதம்: முறுக்கு இல்லாம வந்த அன்னிக்கும் ஓடியாந்தியே.

ரோசம்மாள்: ஒளிச்சி வச்சிருக்கியோன்னு ஜோப்பத் தொழாவ ஓடியாந்தேன்.

ஆசீர்வாதம்: சரி. முறுக்கு தான்னு வச்சிப்போம்... ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு இன்னா பண்ணப் போற?

ரோசம்மாள்: இன்னா பண்ணுவாங்க? வேலைக்குப் போவேன்.

ஆசீர்வாதம்: அடுத்த திங்கக்கெழம?

ரோசம்மாள்: ...அன்னிக்கும் வேலைக்குத் தான்.

ஆசீர்வாதம்: திருவொத்தியூருக்கா?

ரோசம்மாள்: வேற எங்க? பல்பு மாட்டணும், எரியுதா பாக்கணும், கழட்டணும். அதுக்கு எங்க போவாங்க?

ஆசீர்வாதம்: எனக்கு இன்னாமா தெரியும், படிக்காத ஆளு. பல்பு கம்பெனியோ, போன் கம்பெனியோ... திருவொத்தியூரோ, பெங்களூரோ... பாத்து, முருங்கக்காய உட்டுட்டு வெரல அரிஞ்சிடாத.

ரோசம்மாள்: யாரு... யாரு சொன்னா ஒனக்கு?

ஆசீர்வாதம்: போஸ்ட்மேன் தாவீது லெட்டர என் கைல தான் குடுத்தாரு. நீட்டு கவரு, இங்கிலீசு. நமக்கு கவருல லெட்டர் வர்றதே அதிசயம்.

ரோசம்மாள்: பொய் சொல்லாத. கவரு ஒட்டின மாதிரியே இருந்துச்சே!

ஆசீர்வாதம்: சோத்துப் பருக்க தேச்சி ஒட்டினது யாருன்னு நெனச்ச? சர்க்காரா?

ரோசம்மாள்: பிரிச்சியா? அடுத்தவங்க லெட்டரையா?

ஆசீர்வாதம்: பிரிச்சது நானு. படிச்சது எங்க பவுண்டரி கேட்டு வாட்ச்மேன் சாலமோன். ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன். பெங்களூரு போன் கம்பெனில ஒனக்கு வேல போட்டிருக்குது, தங்கறதுக்கு ஆஸ்டலு, அடுத்த திங்கக்கெழம வந்து சேரணும்னு கீதாம். நல்லா எழுதியிருக்கான்னாரு சாலமோன்.

ரோசம்மாள்: பத்து நாளா தெரிஞ்சிக்கினே ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தியா?

ஆசீர்வாதம்: நீ மட்டும் இன்னா பண்ண? இன்னிக்கு சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னு நானும் பாத்தேன். சர்ச்சுக்குப் போற வழில சொல்லுவன்னு பாத்தேன். வந்து ஒக்காந்து, நைனா ஒரு விசயம்ன... சரி, வந்துடுச்சின்னு பாத்தா, நாய்க்குட்டிங்கற!

ரோசம்மாள்: நான் போவல.

ஆசீர்வாதம்: அப்டியா?

ரோசம்மாள்: ஆமா. வர முடியாதுன்னு எழுதிப் போட்டுடறேன்.

ஆசீர்வாதம்: எழுது, எழுது. "ஐயா, எங்க நைனாவுக்கு சோறு பொங்கத் தெரியாது, கஞ்சிய அடுப்புல வச்சா கரிய எடுப்பாரு, ஆவையால வர முடியல"ன்னு எழுது. எமர்ஜென்சில லீவு கேட்டவன் கூட இப்டி ஒரு காரணம் சொல்லியிருக்க மாட்டான்.

ரோசம்மாள்: கரிய எடுக்கிறது உண்ம தானே?

ஆசீர்வாதம்: உண்ம தான். கருவின கஞ்சி குடிச்சி எவன் செத்தான்? நீ போய்த்தான் ஆவணும் ரோசி. எரியற பல்பு, எரியாத பல்புன்னு ஆயுசு பூரா பொறுக்கிக்கினு இருக்கவா படிச்ச?

ரோசம்மாள்: நீ தனியா எப்டி இருப்ப? அதான்... அந்தக் குட்டிய கொண்டாந்து உட்டுட்டு, அது ஒன்கூட பழகினதும் மெதுவா சொல்லலாம்னு...

ஆசீர்வாதம்: நல்ல ஏற்பாடு. பொண்ணு போறா, பதிலுக்கு நாய வச்சிக்கோ. பழைய டயரு குடுத்து புதுசு வாங்கற மாதிரி.

ரோசம்மாள்: நைனா...

ஆசீர்வாதம்: சும்மா சொன்னேன். அழுவாத. செண்பகம் கிட்ட சொல்லிடு, அந்தக் குட்டிய வேற யாருக்குனா குடுக்கச் சொல்லி.

ரோசம்மாள்: இன்னும் அதே புடிவாதம்!

ஆசீர்வாதம்: புடிவாதம் இல்ல. ரெண்டு நாயி ஒரு ஊட்ல இருந்தா அடிச்சிக்கும்.

ரோசம்மாள்: ரெண்டா? எது ரெண்டு?

ஆசீர்வாதம்: லெட்டர் வந்த மறுநாளு எஸ்டேட்டு கால்வாய் ஓரம் ஒண்ணு கெடந்துச்சி. லாரி ஓரசி கால்ல காயம். தூக்கியாந்து கேட்டுல சாலமோன் கிட்ட உட்டேன். இப்ப எனக்கு உள்ள ஷிப்டு, அதுக்கு கேட்டுல ஷிப்டு. நீ ரயிலு ஏறினப்புறம் சாயங்காலத்துல சைக்கிள் பொட்டில வச்சி ஊட்டுக்கு கொண்டாருவேன். காலைல என்கூடவே கெளம்பிடும். எந்தக் கதவு முன்னாடியும் அது குந்த வேணாம்.

ரோசம்மாள்: அட பாவி நைனா! அப்ப இவ்ளோ நேரம் பூட்டு சோறு போடுமா, செவுரு அழுவுதான்னு என்ன வறுத்தெடுத்தது இன்னாத்துக்கு?

ஆசீர்வாதம்: வறுத்தாத்தானே வாயத் தொறக்கற.

ரோசம்மாள்: பொட்டையா, கடுவனா?

ஆசீர்வாதம்: பொட்ட.

ரோசம்மாள்: பேரு வச்சிட்டியா?

ஆசீர்வாதம்: அந்த பம்ப எடு.

ரோசம்மாள்: பம்பு அப்புறம். பேரு இன்னா?

ஆசீர்வாதம்: ...ரோசி.

ரோசம்மாள்: இங்க தான கீறேன், சொல்லு.

ஆசீர்வாதம்: ஒன்ன கூப்புடல. நாயி பேரச் சொன்னேன்... இருவது வருசமா ஊட்டுக்குள்ள நொழையறப்ப வாயில வர்றது அது ஒண்ணு தான். இந்த வயசுல வேற பேரு எங்கமா பழகறது?