இடைக்காலத் தலைவரும் பழுதான லிஃப்டும்

பஷீர்: ...ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரைச் சாப்பு, அவ்வளவுதான் குகதாசன் அண்ணே. லிஃப்ட் ரிப்பேர் செய்யிற ஆளு கீழ நிக்கிறான்.

குகதாசன்: முடியாது தம்பி. நான் கேர்டேக்கர் தலைவர்.

பஷீர்: கேர்டேக்கர்னா பாத்துக்கிறவர்தானே? பாருங்க லா!

குகதாசன்: இப்படித்தான் ஒன்பதாம் மாடி காமாரியாவும்... காலங்காத்தால சிங்க் அடைச்சிக்கிச்சுன்னு வாளியக் கையில குடுத்துச்சு. நான் ஜாகா இல்லடா, வாசல்ல காவல் நிக்க!

பஷீர்: அப்ப என்னதான் அர்த்தம்?

குகதாசன்: பார்லிமெண்ட கலைச்சா, அடுத்த தேர்தல் முடியிற வரைக்கும் ஒரு அரசாங்கம் இருக்கும்ல... அது கேர்டேக்கர் கவர்மெண்ட். அன்றாட வேலை பாக்கலாம். பெரிய முடிவு எடுக்கக் கூடாது. பழைய தலைவர் பத்து காவான் ஊருக்கு வீடு மாறினதுல இருந்து இந்த அடுக்குமாடி புளோக்கு சங்கத்துக்கு நான் அது.

பஷீர்: அவர் போயி மூணு வருசம்! தேர்தல் வைக்கலாம்ல?

குகதாசன்: தேர்தல் வைக்கிறது பெரிய முடிவு.

பஷீர்: யா அல்லா...

குகதாசன்: சட்டம் தம்பி.

பஷீர்: என் வீட்டுக்காரி ஹபீபாவுக்கு எட்டு மாசம் அண்ணே. பதினோரு மாடி ஏற முடியாம கெப்பாலா பத்தாஸ்ல அம்மா வீட்டுல கிடக்கிறா.

குகதாசன்: ...தெரியும்.

பஷீர்: சரி. பல்பு மாத்துறது?

குகதாசன்: அன்றாட வேலை! குடு, இப்பவே போடுறேன்.

பஷீர்: அந்த பல்பு லிஃப்டுக்குள்ள இருக்கு. லிஃப்ட் ஏழாம் மாடியில மாட்டிக்கிட்டிருக்கு. அத ரிப்பேர் செஞ்சு கீழ இறக்கினாத்தான் பல்பத் தொடலாம்...

குகதாசன்: அடேய், பல்புக்குப் பின்னால லிஃப்ட ஒளிக்கிறியா?

பஷீர்: அண்ணே... கோவிச்சுக்காதீங்க. கீழ, தபால் பெட்டிங்க பக்கத்துல ஒரு பெட்டி வெச்சிருந்தோம்ல...

குகதாசன்: ஆலோசனைப் பெட்டின்னு எழுதியிருந்துச்சு.

பஷீர்: அது... ஓட்டுப் பெட்டி. எண்ணி முடிச்சு பத்து நாளாச்சு. நான்தான் புதுத் தலைவர். உங்க மனசு நோகும்னு யாரும் வாயத் திறக்கல.

குகதாசன்: எனக்குத் தெரியும்டா. நானே உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன். புதுத் தலைவர் நேர்ல வந்து பொறுப்ப வாங்கிக்கிற வரைக்கும் கேர்டேக்கர் எழுந்து போகக் கூடாதே... நீ வருவேன்னு பத்து நாளா குளிக்கிறப்பக்கூட வாசக்கதவத் திறந்து வெச்சிருக்கேன். இந்தா சாப்பு, நீயே குத்து!