ஒட்டாத உறை

என்னைப் பேச அழைத்துவிட்டு, எத்தனை நிமிடம் பேசுவாளோ என்று கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! இந்தச் சங்கத்தைத் தொடங்கி, இன்றும் முதல் ஆளாக வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அலுவலகத்தையும் அடுப்படியையும் அரைநாள் ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களே! பக்கத்து இருக்கையில் அமர்ந்து வழியும் சொல்லி, வசவும் வாங்கிப் பழகிய வழிகாட்டிகளே! முதல் வரிசை ஓரத்து நாற்காலியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒன்பது ஆண்டுகளாக இந்த மேடையில் ஏறி உங்களைச் சிரிக்க வைத்தவள் நான். இன்று அதற்காக ஏறவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவும், ஒரு வரம் கேட்கவும் ஏறியிருக்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஆண்டுக்கொரு முறை நம் சங்க விருந்துக்கு முன்னால் நடக்கும் கார்ப் புதையல் வேட்டைக்கு வழி போடுபவளும் நானே. இதில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. விடுகதை போல எழுதிய பதினொரு குறிப்புகள். ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்குக் கூட்டிச் செல்லும். கடைசி இடத்தில் விருந்து காத்திருக்கும். ஒரு வழியை நான் மூன்று முறை ஓட்டிப் பார்ப்பேன். தனியாக ஒரு முறை, எதிர்த் திசையில் ஒரு முறை, விடை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை. பெயர்ப்பலகை இருக்கும் தெருவைத் தவிர்ப்பேன். அடையாளம் சொல்லக் கடை இருந்தால் அதையும் தவிர்ப்பேன். செல்பேசியில் வரைபடம் பார்ப்பீர்கள் என்று புறப்படும்போதே அதை வாங்கி வைத்துக்கொண்டு, காருக்கு ஒரு பட்டன் போன் கொடுப்பேன். எதற்காக? எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக! என் திறமை என்று நீங்கள் கைதட்டியதெல்லாம் இதற்குத்தான்.

வழி தவறினால் என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு காருக்கும் ஒட்டிய உறை ஒன்று. உள்ளே முழு வழியும், ஒவ்வொரு தெருவின் பெயரும் இருக்கும். பிரித்துப் பார்த்தால் தப்பிக்கலாம். ஆனால் பிரித்தவருக்கு?

ஆமாம், பின்னால் யாரோ சொல்லிவிட்டீர்கள். ஆந்தை!

இதோ, மேசைமேல் முழங்கை உயரத்துக்கு நிற்கிறதே, அந்தச் சுண்ணாம்பு ஆந்தை. உறையைப் பிரித்தவர்களை இந்த மேடையில் ஏற்றி, இதை அவர்கள் கையில் கொடுத்து, "ஆந்தை மாதிரி முழிச்சவங்களுக்கு ஆந்தைதான் பரிசு" என்று நான் சொல்வேன். நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஓராண்டு முழுக்க அது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. விதித்தவள் நான். வியர்த்தவர்கள் அவர்கள்.

இரண்டு ஆண்டுக்கு முன்னால் அந்த ஆந்தையை வாங்கியவர் யார்? என் உடன்பிறந்த அண்ணன். மருந்துக்கடைக்காரர். ஊருக்கே மருந்து எடுத்துக் கொடுத்த மனிதர். "சொந்தத் தங்கச்சி போட்ட வழியிலேயே தொலைஞ்ச ஒரே அண்ணன் இவர்தாங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் ஓராண்டு முழுக்க ஆந்தையை விசாரித்தார்கள். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு வேட்டை வந்தது. காருக்குள் நடந்ததெல்லாம் அண்ணி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன் ஓட்டினார், அண்ணி குறிப்பைப் படித்தார். உறையை வாங்கியதும் அண்ணன் அதைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான்காவது குறிப்பில் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல, வாயு" என்றார். ஆறாவது குறிப்பில் நெற்றி முழுக்க வியர்வை. "போதுங்க, உறையப் பிரிச்சு நேரா போயிடலாம்" என்று அண்ணி கெஞ்சியிருக்கிறார். அதற்கு என் அண்ணன் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இன்னொரு தடவ அந்த ஆந்தையத் தூக்கிட்டு அவ மேடையில நிக்க மாட்டேன்."

ஏழாவது குறிப்பு இது: "கடிகாரம் உண்டு, முள் இல்லை. எதிரே உள்ள கதவின் நிறம் என்ன?" அந்தக் கடிகாரத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே, ஒரு நீண்ட மதிலோரம் கார் நின்றது. அண்ணன் சாய்ந்துவிட்டார்.

அண்ணி பட்டன் போனில் ஆம்புலன்ஸை அழைத்தார். "எங்க இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்கள். எங்கே என்று சொல்வார்? "தெரியலைங்க... பெரிய மதில் சுவர் இருக்கு... ஒரு போர்டும் இல்லைங்க..." போர்டு எப்படி இருக்கும்? போர்டு இல்லாத தெருவைத் தேடித்தேடி எடுத்தவள் நானல்லவா? ஆளில்லாத சாலையை அலைந்து அலைந்து பிடித்தவள் நானல்லவா? என்னை அழைக்கலாமென்றால், என் எண் நான் வாங்கி வைத்துக்கொண்ட செல்பேசிக்குள். உறை எங்கே? அண்ணனுக்கு அடியில். அசைவில்லாமல் கிடந்த கணவனைப் புரட்டி, அந்த உறையை உருவி எடுத்துப் பிரிக்க என் அண்ணிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அன்று எல்லாக் கார்களையும் திருப்பி அழைத்தேன். யாரும் வேட்டையை முடிக்கவில்லை. எனக்கு அண்ணன் இல்லாமல் போனார்.

என்ன சொல்கிறீர்கள், ஐயா? "உங்க மேல என்னம்மா தப்பு?" என்றா? உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அந்தச் சொல்லை எனக்குத் தராதீர்கள். மாரடைப்பை நான் கொடுக்கவில்லை; ஒப்புக்கொள்கிறேன். உதவி கேட்பதை அவமானமாக்கியது யார்? உறைக்குள் வழியை வைத்தவளும் நான், அதைப் பிரிக்கவிடாமல் பயத்தை வைத்தவளும் நான். அண்ணனை ஊர் சிரிக்க நிறுத்தியவளும் நானேதான்.

இனி வேட்டையே வேண்டாம் என்று சங்கம் முடிவெடுத்தது. நானும் தலையாட்டினேன். போன மாதம் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். பதினொரு மாதத்தில் அதுதான் முதல் முறை. ஒரு கையில் இந்த ஆந்தை, மறு கையில் கசங்கிய குறிப்புத்தாள். ஆந்தையை மேசையில் வைத்தார். "இது உன்னோடது" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. "உன்மேல கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அவர் பாதியில விட்டத நான் முடிக்கணும். அந்தக் கதவு என்ன நிறம்?" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். "சொல்லாத! நானே போய்ப் பார்த்துக்கிறேன்" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன் அந்த வரம். இன்று ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி தாருங்கள். புதிய வழி இல்லை. அந்த மதிலோரத்தில் தொடங்குவோம். ஏழு முதல் பதினொன்று வரை, நாம் முடிக்காமல் விட்ட ஐந்து குறிப்புகள். செல்பேசி உங்களிடமே இருக்கும். உறையும் இருக்கும், ஆனால் ஒட்ட மாட்டேன். பிரிப்பவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. சிரிப்பு வராது. முதல் காரில் அண்ணி வழிகாட்டி, நான் ஓட்டுநர். விடை அத்தனையும் தெரிந்த நான் வழியெல்லாம் வாய் திறக்க மாட்டேன். ஆந்தை என் வீட்டுக் கூடத்திலேயே இருக்கட்டும். அது எனக்குக் கிடைத்த பரிசு.

சம்மதமா? கைதட்ட வேண்டாம். கையை உயர்த்தினால் போதும்.

பார்க்கிறேன்... பின்வரிசைவரை பார்க்கிறேன். தலைவர் அவர்களும் உயர்த்திவிட்டார்.

அண்ணி, இந்தாருங்கள் உங்கள் உறை. பிடித்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, அவையோரே? வாங்கிய கையோடு பிரித்துவிட்டார்! பிரித்துப் படித்துவிட்டு என்ன சொல்கிறார் தெரியுமா? "பேசினது போதும். வந்து வண்டிய எடு" என்கிறார்.

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பத்திரமாகப் போய்ச் சேருங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வணக்கம்.

இதோ வந்துவிட்டேன், அண்ணி.