பூட்டினேனா, இரண்டாம் பாகம்

இருந்தவர்கள்: நகைச்சுவை நடிகரான அப்பா, சோபாவில். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் மகள், கையில் ரிமோட்டோடு. மகன், அவனும் நடிகன், பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில். டி.வி.யில் அவன் நடித்த படம், போன விடுமுறை நாள் ஒளிபரப்பில் பதிவு செய்து வைத்தது.

— படம் ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆகல பாப்பா. அதுக்குள்ள நான் செத்துட்டேன்.

— செத்தது நீங்க இல்லப்பா. முதல் பாகத்துல நீங்க நடிச்ச ஆள்.

— சுவத்துல மாட்டியிருக்கிறது என் மூஞ்சிதானே? அதையும் கோணலா மாட்டியிருக்கானுங்க.

— குறை சொல்லச் சொல்லல. நல்லதா மூணு சொல்லுங்க, போதும். நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். அங்க டாக்டர் யாரோ ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தனியா திண்டாடுறார்.

— நாய்.

— என்ன நாய்?

— அந்த நாய் நல்லா நடிக்குது. கூப்பிட்டதும் ஓடி வரல பாரு. கொஞ்சம் யோசிச்சுட்டு, சரி போனாப் போகுதுன்னு வருது. டைமிங் தெரிஞ்ச நாய்.

— நாய் கணக்குல வராது. தம்பியைப் பத்திச் சொல்லணும்.

— அவன் எங்க?

— வெளியில படிக்கட்டுல உக்காந்திருக்கான்னு எத்தனை தடவைப்பா சொல்றது? உள்ள கூப்பிட்டா வர மாட்டேங்கறான். நீங்களும் கூப்பிட மாட்டேங்கறீங்க. நடுவுல நான் ஒருத்தி, என் தலையெழுத்து.

— லிஃப்ட் ரிப்பேர். மாடி ஏறி வந்திருக்கான். மூச்சு வாங்கட்டும்.

— ஒரு மணி நேரமாவா மூச்சு வாங்குவான்? கீழ கம்பெனி வண்டி நிக்குது. மூணாம் பாகத்துக்கு இன்னைக்கு அவன் கையெழுத்துப் போடணும். போடலன்னா வேற ஆளைப் பிடிச்சிடுவாங்க. இந்தப் படத்துக்கு அப்புறம் அவனை யாரும் கூப்பிடவே இல்லை, உங்களுக்கே தெரியும். அப்படியிருந்தும் துரை என்ன சொல்றார் தெரியுமா? அப்பா படத்தைப் பார்த்து நல்லதா மூணு சொன்னாத்தான் போடுவாராம்.

— நல்லதா இருந்தாத்தானே சொல்ல முடியும்? முதல் பாகத்துல குடும்பமா கடலுக்குப் போனோம். பாதி வழியில நான் 'பூட்டினேனா'ன்னு கேட்டேன். வண்டியைத் திருப்பினாங்க. இதுல மலைக்குப் போறாங்க. பாதி வழியில இவன் 'பூட்டினேனா'ன்னு கேக்குறான். கடலை எடுத்துட்டு மலையை வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

— சனங்களுக்கு அதுதானேப்பா பிடிச்சிருக்கு. இன்னைக்கும் மருந்துக்கடைக்காரர் உங்களைப் பார்த்தா, 'வீட்டைப் பூட்டினீங்களா சார்'னுதானே கேக்குறார்.

— மாத்திரையை எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி கேக்குறான். எனக்கு எரிச்சலா வருது.

— சரி, பாருங்க, மழை சீன் வருது. இதுல ஏதாவது சொல்லுங்க.

— மழை ஒரு பக்கம்தான் பெய்யுது. அந்தப் பக்கம் ரோடு காஞ்சு கிடக்கு.

— அப்பா.

— அந்த அத்தையா வர்றவங்க பரவாயில்லை. மூணு சீனா அதே பிஸ்கட்டைத் திங்கிறாங்க, பாக்கெட் தீரவே இல்லை.

— அய்யய்யே, ஒரு கடவாய்ப் பல்லைப் பிடுங்கறது இதைவிடச் சுலபம். தம்பி. தம்பியைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நடையை என்கிட்ட இருந்து எடுத்திருக்கான். இருமலை எடுத்திருக்கான். எனக்கு அப்போ நிஜமாவே சளி. அவனுக்கு என்ன கேடு?

— உங்களைப் பார்த்து வளர்ந்தவன், உங்களை மாதிரித்தான் இருப்பான்.

— இரு. பின்னாடி போ.

— என்ன?

— வண்டிக்குள்ள குட்டிப் பொண்ணு தூங்குதே, அங்க போ. ரிமோட்டைக் குடு. இந்த ரப்பர் பேண்டை ஏன் சுத்தி வெச்சிருக்கீங்க, பட்டனே தெரியல.

— மூடி உடைஞ்சு பேட்டரி விழுதுன்னு நீங்கதான் சுத்தினீங்க. இருங்க, நான் போறேன். இதுவா?

— இதுதான். ஷூ கழண்டு விழுது பார். எடுக்கிறான். மாட்டி விடுறான். குழந்தை எழுந்துடக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுக்கிறான். இது எழுதி வெச்சது இல்லை. ஷூ தானா விழுந்திருக்கு.

— அப்படியா?

— நானா இருந்தா ஷூவைத் தூக்கி மோந்து பார்த்து, மூஞ்சியைச் சுளிச்சு, சிரிப்பு வாங்கியிருப்பேன். இவன் சும்மா மாட்டி விட்டுட்டான்.

— அது நல்லதா கெட்டதா?

— நல்லதுன்னு சொல்லல. நான் பண்ண மாட்டேன்னு சொன்னேன்.

— அதை நல்லதுன்னு எழுதிக்கிறேன். ஒண்ணு.

— என்னமோ பண்ணு.

— இந்தாங்க, சேத்துல வழுக்கி விழுறான். இதுக்குச் சிரிச்சீங்க, நான் பார்த்தேன்.

— கொட்டாவி.

— அப்பா, நான் நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்க்கிறவ. கொட்டாவி எது, சிரிப்பு எதுன்னு எனக்குத் தெரியும்.

— சரி. நான் விழுந்தா கேமராவைப் பார்ப்பேன். இவன் எழுந்து, யாராவது பார்த்தாங்களான்னு பார்க்கிறான். நிஜத்துல விழுந்தவன் அதைத்தான் பண்ணுவான். ஒத்துக்கறேன்.

— ரெண்டு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. தெய்வமே, அது இப்போ வந்துடும். தியேட்டரே கை தட்டின இடம் வருது.

— எது?

— ஃபிரிட்ஜ் சீன். முதல் பாகத்துல கோவம் வந்தா நீங்க ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ள தலையை விட்டு, அதுகிட்டப் பேசுவீங்களே. அதே மாதிரி...

— நிறுத்து.

— இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

— நிறுத்துன்னா நிறுத்து. அதை நான் பார்க்க மாட்டேன்.

— எனக்குப் போதும்ப்பா. படம் வந்து எத்தனை மாசம் ஆச்சு? தியேட்டருக்கு வரல. அவன் போன் பண்ணா எடுக்கல. உங்களைக் கழட்டி விட்டுட்டு அவனைப் போட்டது கம்பெனி. அந்தக் கோவத்தை அவன் மேல ஏன் காட்டுறீங்க? டேய், உள்ள வா. கதவைத் திறக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால முடியாது. வா, உக்காரு.

— நான் நின்னுக்கறேன்க்கா. எல்லாம் கேட்டுச்சு. நாயோட சேர்த்து மூணு வந்திருக்கு.

— நாய் உன்னைவிட நல்லா நடிச்சிருக்குடா.

— தெரியும்ப்பா. அதுகிட்ட மூணாம் பாகத்துக்குக் கையெழுத்து ஏற்கெனவே வாங்கிட்டாங்க.

— சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறா பார் உன் அக்கா. சரி, அது கிடக்கட்டும். நீ ஏன் ஃபிரிட்ஜைத் திறந்த?

— நீங்க திறந்தீங்க.

— நான் திறந்தா?

— அப்பா, அதை மட்டும் நான் எத்தனை தடவை பார்த்துப் பழகினேன் தெரியுமா? முதல்ல மேல் தட்டைப் பார்ப்பீங்க. ஒரு வரி. அப்புறம் குனிஞ்சு, நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, அடுத்த வரி. அந்த நிறுத்தம் எனக்கு வரவே இல்லை. நான் நிறுத்தினா சும்மா நிக்கிற மாதிரி இருக்கு. நீங்க நிறுத்தினா சனம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. அது எப்படிப்பா? இதைக் கேக்கலாம்னுதான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன்.

— கேப்பன்னு தெரியும். அதனாலதான் எடுக்கல.

— தொழில் ரகசியமா?

— முதல் வரி தக்காளி டப்பா மேல ஒட்டியிருந்துச்சு. ரெண்டாவது முட்டை வைக்கிற தட்டுல. மூணாவது தண்ணி பாட்டிலுக்குப் பின்னாடி.

— எதுப்பா?

— வசனம். துண்டுத் தாள்ல எழுதி ஒட்டியிருந்துச்சு. உதவி இயக்குநரா ஒரு பொண்ணு இருந்துச்சே, அதுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உள்ள விளக்கு எரியும், படிக்கச் சௌகரியம். நான் நிறுத்தினது சிரிப்புக்கு இல்லைடா. அடுத்த வரி எங்க இருக்குன்னு தேடினேன்.

— அப்பா, என்ன சொல்றீங்க? வசனத்தை மறந்துட்டீங்களா?

— மறக்கல பாப்பா. மனசுல நிக்கவே இல்லை. ராத்திரி முழுக்கப் படிச்சிருப்பேன், காலையில எதுவும் இருக்காது. அதனால ரெண்டாம் பாகத்துக்கு வந்து கேட்டப்போ முடியாதுன்னுட்டேன். என்னை யாரும் கழட்டி விடல. இவனைக் கூப்பிடுங்கன்னு சொன்னதே நான்தான்.

— அப்போ கோவம்?

— கோவம்னு நீங்களா முடிவு பண்ணீங்க. எனக்கு அது வசதியா இருந்துச்சு.

— டாக்டர்கிட்டப் போனீங்களாப்பா?

— போனேன். என்ன சொன்னார்னுதான் ஞாபகம் இல்லை. ஏன் இப்படி முழிக்கிறீங்க? ஜோக்குதான். சிரிங்க.

— அக்கா, வண்டியைப் போகச் சொல்லிடு. நான் கையெழுத்தெல்லாம் போடல.

— ஏன்டா?

— உங்களை விட்டுட்டு எங்கேயோ போய் கோமாளி வேஷம் கட்டச் சொல்றீங்களா?

— இவ்வளவு நேரம் நல்லதா சொன்னாத்தான் போடுவேன்னு படியில உக்காந்த. ரெண்டு சொல்லிட்டேன். ரெண்டும் நிஜம். ஷூ மாட்டி விட்டது நீ. சேத்துல இருந்து எழுந்தது நீ. மிச்சமெல்லாம் நான், அதுவும் வசனம் மறந்த நான். உனக்கு வரி வரியா மனப்பாடம். அப்புறம் எதுக்குடா உள்ள தலையை விடுற?

— எனக்கு எப்படித் தெரியும்?

— இப்போ தெரிஞ்சுதுல்ல? மூணாம் பாகத்துல ஃபிரிட்ஜ் வெச்சாங்கன்னா திறக்காத. தாகமா இருந்தா குழாயில குடி. ஹாரன் அடிக்கிறான் பார், கிளம்பு.

— நாளைக்குப் போய் பேசிக்கறேன்ப்பா.

— நாளைக்கு இதை நான் மறுபடி சொல்வேனான்னு தெரியாது. காலை எடு, கதவு இடிக்கும்.

— அக்கா, நீயாவது சொல்லேன்.

— போடா. நான் இருக்கேன். டாக்டருக்கு போன் பண்ணி மீதி நாளும் லீவு சொல்லிக்கறேன்.

— சாயங்காலம் வந்துடறேன்.

— கையெழுத்துப் போட்டுட்டு வா. போடாம வந்தா இந்தக் கதவு திறக்காது.

— அப்பா, அவன் படி இறங்கிட்டான். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், சாவி வேற திருப்பறீங்க. திருடனையா வெளியில தள்ளினீங்க?

— திரும்பி வந்து கதவைத் தட்டுவான். அவனை எனக்குத் தெரியும்.

— வர மாட்டான். செருப்புச் சத்தம் கீழ போயிடுச்சு. வாங்க, உக்காருங்க. அந்த ஸ்பிரிங் குத்துற பக்கம் வேண்டாம், இப்படி வாங்க. மூணாவது இன்னும் பாக்கி இருக்கு. ஃபிரிட்ஜைத் தாண்டிப் போட்டுடறேன்.

— போடு.

— இந்தாங்க, எல்லாரும் மலை மேல போய்ச் சேந்துட்டாங்க.

— அந்த நாய் நல்லா நடிக்குது பாப்பா. கூப்பிட்டதும் வரல பாரு. யோசிச்சுட்டு வருது.

— நாயை முதல்லயே சொல்லிட்டீங்கப்பா.

— சொன்னேனா?

— ம்.

— பாப்பா.

— சொல்லுங்க.

— கதவைப் பூட்டினேனா?

— அய்யோ, அழுதுட்டு இருக்கிறவளைச் சிரிக்க வைக்காதீங்கப்பா. அதே குரல், அதே முழி. தியேட்டர்ல கேட்ட மாதிரியே இருக்கு. இந்த டைமிங் அவனுக்கு எந்தக் காலத்துலயும் வராது.

— நடிக்கல பாப்பா. கேக்குறேன். பூட்டினேனா?